சிலிக்கா கைவிடும் இடத்தில்: புளோரைட்டுக் கண்ணாடி நாரும் செங்கீழ்க் கதிரும்

சிரட்டைக்கரி நன்றாகக் கனிந்து தணலாகக் கிடக்கும்போது, அதற்கு எதிரே இரண்டடி தள்ளி இருந்து பாருங்கள். முகத்தில் சூடு அடிக்கும். இப்போது முகத்துக்கும் தணலுக்கும் நடுவே ஒரு சன்னல் கண்ணாடித் துண்டைப் பிடியுங்கள். தணலுக்குக் கிட்டக் கொண்டுபோக வேண்டாம், வெடித்துவிடும். தணலின் சிவப்பு முன்போலவே தெரியும். ஆனால் முகத்தில் அடித்த சூடு சட்டென்று குறைந்துவிடும். கண்ணாடியை விலக்கினால் திரும்பவும் அடிக்கும்.

உயர்தர பௌதிகவியல் படிக்கிற பிள்ளைகளிடம் இதைச் செய்துபார்க்கச் சொல்லிவிட்டு, "கண்ணாடி ஒளிபுகும் பொருளா, புகாத பொருளா?" என்று கேட்பேன். கொஞ்சம் தடுமாறுவார்கள். தடுமாறத்தான் வேண்டும். தணலிலிருந்து வருவதில் கண்ணுக்குத் தெரிகிற சிவப்பு மிகச் சிறிய பங்கு. பெரும்பங்கு செங்கீழ்க் கதிர் (அகச்சிவப்பு). கண்ணாடி முதலாவதை விட்டுவிட்டு, இரண்டாவதில் கணிசமான பகுதியை உறிஞ்சிக்கொள்கிறது. ஆகவே ஒரு கண்ணாடியைப் பற்றிக் கேட்க வேண்டிய கேள்வி "ஒளி புகுமா" என்பதல்ல, "எந்த அலைநீளம் புகும்" என்பதே. இந்தக் கேள்விக்குச் சாதாரணக் கண்ணாடியும், இணைய ஃபைபர் செய்கிற சிலிக்காக் கண்ணாடியும் சொல்கிற பதில் ஒன்று. ஒட்சிசனுக்குப் பதிலாகப் புளோரின் சேர்ந்த புளோரைட்டுக் கண்ணாடி சொல்கிற பதில் வேறு. அந்த வேறுபாடு எங்கிருந்து வருகிறது என்பதைத்தான் இங்கே எழுதப் போகிறேன். ஒரு காரணத்தைப் பிடித்துக்கொண்டால் மீதியெல்லாம் அதிலிருந்தே வந்துவிடும்.

அலைநீளங்களை முதலில் ஒழுங்குபடுத்திக்கொள்வோம். அளவு மைக்ரோமீற்றர், அதாவது மில்லிமீற்றரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. கண்ணுக்குத் தெரியும் ஒளி 0.4 முதல் 0.7 வரை. அதற்கு மேலே போனால் செங்கீழ். டி.வி. ரிமோட்டின் நுனியில் இருக்கிற சின்னக் குமிழ் பொதுவாக 0.94 இல் எரிகிறது. கண்ணுக்குத் தெரியாது, ஆனால் ஃபோனின் முன்கமராவால் பார்த்தால் பல ஃபோன்களில் ஊதா கலந்த வெள்ளையாக மின்னுவது தெரியும். வீட்டுக்கு வருகிற ஃபைபர் இணைப்பில் கீழிறங்கும் தரவு 1.49 இலும், நாம் அனுப்பும் தரவு 1.31 இலும் போகின்றன. பொருளின் சூட்டுக்கும் அது அதிகம் வீசும் அலைநீளத்துக்கும் ஒரு எளிய கணக்கு இருக்கிறது: 2898 ஐக் கெல்வின் வெப்பநிலையால் வகுக்க வேண்டும். 1100 கெல்வினில் கனியும் தணலுக்கு அது 2.6 மைக்ரோமீற்றர். நம் உடம்புக்கு, 310 கெல்வினில், 9.3. ரிமோட்டும் இணைய ஃபைபரும் செங்கீழ்ப் பகுதியின் வாசற்படியில்தான் நிற்கின்றன. சூடும், வாயுக்களின் அடையாளமும், தண்ணீரின் பெரிய உறிஞ்சலும் 2 க்கு அப்பால்தான் இருக்கின்றன.

சிலிக்காவின் எல்லை

மட்டக்களப்பு நகரத்தில் இப்போது பல தெருக்களில் ஃபைபர் வந்துவிட்டது. ரௌட்டரில் 'லொஸ்' லைட் சிவப்பாக மின்னினால் இணைப்பு போய்விட்டது என்பது வீட்டிலுள்ள சின்னப் பிள்ளைக்கும் தெரியும். மாரிக் காற்றில் முருங்கைக் கொப்பு முறிந்து வயரில் விழுந்தால் அடுத்த நாள் வேலையாள் ஒருவர் வருவார். கறுப்பு உறையை உரிப்பார். உள்ளே இருக்கிற நூல் போன்ற நாரை அற்ககோல் நனைத்த துணியால் துடைப்பார். அதன் விட்டம் 0.125 மில்லிமீற்றர். அதன் நடுவே ஒளி ஓடும் அகணி வெறும் 9 மைக்ரோமீற்றர். கிளீவரில் வைத்து ஒரு தட்டுத் தட்டி முனையைச் செங்குத்தாக வெட்டி, இரண்டு முனையையும் ஸ்ப்ளைஸ் மெசினுக்குள் எதிரெதிரே வைப்பார். சின்னத் திரையில் இரண்டும் மரக்குற்றிகள் அளவுக்குப் பெருத்துத் தெரியும். பொத்தானை அமுக்கினால் ஒரு கணம் மின்வில் பாயும், கண்ணாடி உருகி ஒட்டிவிடும். கடைசியில் பவர் மீற்றரைச் செருகிப் பார்த்துவிட்டு, "மைனஸ் இருபத்தொண்டு நிக்கிது அண்ணன், பிரச்சினையில்ல" என்பார்.

அந்த நார் சிலிக்கா. சிலிக்கனும் ஒட்சிசனும் சேர்ந்த கண்ணாடி, மிகத் தூய்மையானது. அகணியின் முறிவுச்சுட்டி (ஒளியை வளைக்கும் அளவு) அதைச் சுற்றியுள்ள கண்ணாடி உறையைவிடக் கொஞ்சம் கூட என்பதால் முழு அகத்தெறிப்பால் ஒளி உள்ளேயே ஓடுகிறது. இது பாடப்புத்தகத்தில் இருக்கிறது, அதற்குள் நான் போகவில்லை. புத்தகம் அவசரமாகத் தாண்டிப்போகிற விஷயம் நட்டம். அதை டெசிபெலில் அளப்பார்கள், வேலையாட்கள் 'டீபி' என்பார்கள். 10 டெசிபெல் நட்டம் என்றால் பத்தில் ஒரு பங்கு மிஞ்சும். 20 என்றால் நூற்றில் ஒரு பங்கு. 1966 இல் சார்ள்ஸ் காவோ, கண்ணாடியைத் தூய்மையாக்கினால் கிலோமீற்றருக்கு 20 டெசிபெலுக்குக் கீழே கொண்டுவரலாம் என்று வாதிட்டார். 1970 இல் கோர்னிங் நிறுவனத்தார் அதைச் செய்து காட்டினார்கள். 2009 இல் காவோவுக்கு நோபல் பரிசு கிடைத்தது. இன்றைய சாதாரண நாரில் 1.55 மைக்ரோமீற்றரில் நட்டம் கிலோமீற்றருக்கு 0.2 அளவில்தான். மட்டக்களப்பிலிருந்து பொத்துவில் வரை, 108 கிலோமீற்றர் என்று வைத்துக்கொண்டால், ஒரே நாரை இடையில் பெருக்கி எதுவும் இல்லாமல் இழுத்தாலும் நூற்றில் ஒரு பங்கை விடக் கொஞ்சம் குறைவாக ஒளி போய்ச் சேரும். அது போதும், வாங்கி வாசித்துவிடலாம்.

இந்த 0.2 க்குக் கீழே சிலிக்காவை இறக்க அரை நூற்றாண்டாக முயன்று 0.14 வரை வந்திருக்கிறார்கள். அதற்கு மேல் இறங்கவில்லை, ஏனென்றால் இரண்டு பக்கமும் இயற்கை நெருக்குகிறது. குறைந்த அலைநீளப் பக்கம் ஒளிச்சிதறல். கண்ணாடி உறையும்போதே அதன் அடர்த்தியில் நுண்ணிய ஏற்ற இறக்கங்கள் நிலைத்துவிடுகின்றன, அவை ஒளியைச் சிதறடிக்கின்றன. இந்தச் சிதறல் அலைநீளத்தின் நான்காம் வலுவுக்கு நேர்மாறு. அலைநீளத்தை இரண்டு மடங்காக்கினால் சிதறல் பதினாறில் ஒரு பங்காகும். அப்படியானால் இன்னும் நீளமான அலைநீளத்துக்குப் போய்விடலாமே என்று தோன்றும். போனால் மற்றப் பக்கம் இடிக்கும். சிலிக்கன் - ஒட்சிசன் பிணைப்பே அதிர்ந்து ஒளியை விழுங்கத் தொடங்கிவிடும். 1.6 ஐத் தாண்டியதும் அந்த நட்டம் ஏறுகிறது. 2 ஐத் தாண்டினால் கிலோமீற்றர் என்ற பேச்சே இல்லை. 3 இல் சில மீற்றருக்குள்ளேயே ஒளி தீர்ந்துபோகும்.

பாரமான அணு, தளர்ந்த பிணைப்பு

கட்டுரையின் நடு இதுதான், கொஞ்சம் மெதுவாக வாசியுங்கள்.

ஆய்வுகூடத்தில் சுருளி வில்லில் நிறையைத் தொங்கவிட்டு அதிர்வெடுத்திருப்பீர்கள். நிறையைக் கூட்டினால் மெதுவாக ஆடும். வில்லைத் தளர்ந்ததாக மாற்றினாலும் மெதுவாக ஆடும். மீடிறன் (விநாடிக்கு எத்தனை அதிர்வு என்பது), வில் மாறிலியை நிறையால் வகுத்து வரும் பெறுமானத்தின் வர்க்கமூலத்துக்கு விகிதசமன். அணுப் பிணைப்பும் இந்தச் சமன்பாட்டுக்குக் கட்டுப்பட்டதே. இரண்டு அணுக்கள் ஒன்றையொன்று இழுத்து அதிரும்போது நிறைக்குப் பதிலாக 'ஒடுக்கிய நிறை' வரும்: பெருக்கத்தைக் கூட்டுத்தொகையால் வகுப்பது.

சிலிக்கனுக்கு 28, ஒட்சிசனுக்கு 16. பெருக்கி, கூட்டலால் வகுத்தால் 10.2. இப்போது சிலிக்கனின் இடத்தில் சிர்க்கோனியத்தையும் (91), ஒட்சிசனின் இடத்தில் புளோரினையும் (19) போடுங்கள். வருவது 15.7. விகிதம் ஏறத்தாழ 1.54, அதன் வர்க்கமூலம் 1.24. அதாவது நிறை மாற்றத்தால் மட்டும் மீடிறன் 1.24 மடங்கு குறையும். ஆனால் அளந்து பார்த்தால் கிட்டத்தட்ட பாதியாகவே குறைகிறது: சிலிக்காவில் ஏறத்தாழ 1100, புளோரைட்டில் ஏறத்தாழ 580 (அலகு சென்ரிமீற்றருக்கு இத்தனை அலை). மீதிக் குறைவுக்குப் பொறுப்பு வில். சிர்க்கோனியம் - புளோரின் பிணைப்பு பெரும்பாலும் அயன் பிணைப்பு, சிலிக்கன் - ஒட்சிசன் பிணைப்பைவிடத் தளர்ந்தது. உண்மையான கண்ணாடிக்குள் அணுக்கள் சோடி சோடியாக நிற்பதில்லை, வலையாகப் பின்னிக் கிடக்கின்றன; ஆகவே இந்தக் கணக்கைத் துல்லியமாக எடுக்கக் கூடாது. ஆனால் திசை சரி. பிள்ளைகள் இந்த இரண்டு வரிக் கணக்கைத் தாங்களே போட்டுப் பார்த்துவிட்டால் பிறகு மறக்கமாட்டார்கள்.

மீடிறன் பாதி என்றால் அலைநீளம் இரட்டை. சிலிக்காவின் அடிப்படை உறிஞ்சல் 9 மைக்ரோமீற்றருக்கு அருகே. புளோரைட்டில் அது 17 க்கு அருகே. அடிப்படை உறிஞ்சல் 9 இல் இருந்தால் 2 இலேயே ஏன் தொல்லை என்று கேட்கலாம். நல்ல கேள்வி. அதிர்வுக்கு மேற்சுரங்கள் (மீடிறனின் இரண்டு, மூன்று மடங்கில் வருபவை) உண்டு. 9 க்கு அது 4.5, 3, 2.25 என்று கீழிறங்கிக்கொண்டே வரும். ஒவ்வொரு படியிலும் உறிஞ்சல் பலமடங்கு மெலியும். ஆனால் கிலோமீற்றர்க் கணக்கான கண்ணாடிக்கு அந்த மெலிந்த வாலே போதும் ஒளியைத் தின்றுவிட. புளோரைட்டில் முழு வாலும் மேலே தள்ளிப்போகிறது. அதனால் திறந்த சாளரம் கிடைக்கிறது: நாராக இழுத்த சிர்க்கோனியம் புளோரைட்டுக் கண்ணாடி 4 மைக்ரோமீற்றரைத் தாண்டியும், இந்தியம் புளோரைட்டை அடிப்படையாகக் கொண்டது 5.5 வரையும் ஒளியைக் கடத்தும். மறுபக்கம் கண்ணுக்குத் தெரியும் ஒளியையும், கொஞ்சம் புறஊதாவையும் கூட விடும்.

இந்த இடத்தில் இரண்டு குழப்பங்களைத் தீர்த்துவிட வேண்டும். அம்பாறை மாவட்டத்தின் உட்பகுதிக் கிணறுகள் சிலவற்றில் புளோரைட்டு கூட என்பதும், சின்ன வயதில் அதைக் குடித்து வளர்ந்தவர்களின் பல்லில் பழுப்புக் கறை விழும் என்பதும் இங்கே பலருக்குத் தெரிந்தது. அது தண்ணீரில் கரைந்த புளோரைட்டு அயன். இங்கே பேசுவது திண்மக் கண்ணாடியின் எலும்புக்கூட்டையே. ஒட்சிசன் செய்கிற வேலையை முழுக்கப் புளோரின் செய்கிறது. மற்றது, 'புளோரின் கலந்த சிலிக்கா' என்றொரு நார் இருக்கிறது. அது சிலிக்காதான், உறையின் முறிவுச்சுட்டியைக் குறைக்கக் கொஞ்சம் புளோரின் சேர்த்திருப்பார்கள். அது 3 மைக்ரோமீற்றரைக் கடத்தாது. இணையத்தில் தேடும் மாணவர்கள் இரண்டையும் ஒன்றாக்கிவிடுகிறார்கள்.

ரென் நகரத்தில் கிடைத்தது

இந்தக் கண்ணாடியை யாரும் திட்டமிட்டுத் தேடவில்லை. 1974 இல் பிரான்சின் ரென் பல்கலைக்கழகத்தில் மிஷேல் புலேன், அவருடைய சகோதரர் மார்செல், ழாக் லூக்கா ஆகியோர் நியோடிமியம் கலந்த புளோரைட்டுப் பளிங்கு (அணுக்கள் ஒழுங்காக அடுக்கிய திண்மம்) வளர்க்க முயன்றுகொண்டிருந்தார்கள். பளிங்கு வர வேண்டிய இடத்தில் கண்ணாடி வந்தது. அடுத்த ஆண்டு கட்டுரை வெளியானது. சிலிக்கா போன்ற 'கண்ணாடி ஆகக்கூடிய' ஒட்சைட்டு எதுவுமே இல்லாமல் பாரமான உலோகங்களின் புளோரைட்டுகள் மட்டும் சேர்ந்து கண்ணாடியாகும் என்பது அன்று புதுமை.

பிறகு பல கலவைகளைச் சோதித்து, நிலைத்துநின்ற ஒன்றுக்கு ஸெட்பிளான் (ZBLAN) என்று பெயர் விழுந்தது. சிர்க்கோனியம், பேரியம், லந்தனம், அலுமினியம், சோடியம் ஆகிய ஐந்தின் புளோரைட்டுகள் அதில் சேர்கின்றன, அந்த ஐந்தின் இரசாயனக் குறியீடுகளின் முதலெழுத்துகளே அந்தப் பெயர். நூறு மூலக்கூறில் முறையே 53, 20, 4, 3, 20 என்பது வழமையான அளவு. உறையில் சிர்க்கோனியத்தின் ஒரு பகுதியை ஹாஃப்னியத்தால் மாற்றினால் முறிவுச்சுட்டி சற்று இறங்கும், அகணிக்குள் ஒளி நின்றுவிடும்.

இந்தப் பட்டியலில் நம் கடற்கரைக்கும் ஒரு தொடர்பு உண்டு. திருகோணமலைக்கு வடக்கே புல்மோட்டையில் அள்ளுகிற கனிய மணலில் இல்மனைட்டு, ரூட்டைல் ஆகியவற்றோடு சிர்க்கோனும் இருக்கிறது. சிர்க்கோனியம் எடுக்கிற கனியம் அதுதான், ஹாஃப்னியமும் அதற்குள்ளேதான் ஒட்டிக்கொண்டிருக்கும். கொஞ்சமாகக் கிடைக்கும் மொனசைட்டில் லந்தனம் இருக்கிறது. மணல் பெரும்பாலும் மணலாகவே கப்பலேறுகிறது என்பது வேறு கதை. அதை இங்கே தொடங்கினால் கட்டுரை முடியாது.

போட்ட கணக்கும் நடந்ததும்

எண்பதுகளில் இந்தக் கண்ணாடியைப் பற்றி எழுதியவர்களுக்கு இருந்த உற்சாகத்துக்குக் காரணம் ஒரு கணக்கு. சாளரம் நீளமான அலைநீளத்துக்குத் திறப்பதால் 2.5 மைக்ரோமீற்றரில் ஒளியை அனுப்பலாம். 1.55 உடன் ஒப்பிட்டால் சிதறல் ஏறத்தாழ ஏழில் ஒரு பங்கு. அதிர்வு உறிஞ்சலும் அங்கே குறைவு. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் நட்டம் கிலோமீற்றருக்கு 0.01 டெசிபெல் வரை இறங்கும் என்று கணித்தார்கள். அதே மட்டக்களப்பு - பொத்துவில் தூரத்தைப் போடுங்கள். நட்டம் 1.08 டெசிபெல். நூறில் 78 பங்கு ஒளி பொத்துவிலில் வந்து இறங்கும்! கடலடி வடங்களில் சில பத்துக் கிலோமீற்றருக்கு ஒன்று என்று வைக்கிற பெருக்கிகளைத் தூக்கி எறிந்துவிடலாம் என்ற கனவு அதிலிருந்து வந்தது.

நடக்கவில்லை. 1990 வாக்கில் பிரித்தானிய ஆய்வாளர்கள் 60 மீற்றர் நாரில் 2.35 மைக்ரோமீற்றரில் கிலோமீற்றருக்கு 0.45 டெசிபெல் எடுத்தார்கள். அது பெரிய சாதனை, ஆனாலும் சிலிக்காவை விட இரண்டு மடங்கு நட்டம், அதுவும் 60 மீற்றரில். அதே காலத்தில் எர்பியம் கலந்த சிலிக்கா நார்ப் பெருக்கி வந்துவிட்டது. ஒளியை ஒளியாகவே பெருக்க முடியும் என்றான பிறகு, நட்டத்தைப் பத்து மடங்கு குறைக்க யாருக்கும் அவசரம் இருக்கவில்லை.

கண்ணாடி ஏன் கணக்குக்கு ஒத்துழைக்கவில்லை? முதற்காரணம் பளிங்காதல். சீனிப்பாகு காய்ச்சுபவர்களுக்குத் தெரியும்: தெளிவாக, கம்பியாக இழுபடும் பாகு, கொஞ்சம் பிசகினாலும் பூத்துப் போய் மணல் மணலாகிவிடும். ஸெட்பிளானுக்கும் அந்தப் புத்தி உண்டு. 260 பாகை செல்சியசில் இளகத் தொடங்குகிறது, அதற்கு மேலே நூறு பாகைக்குள்ளேயே பளிங்காகத் தொடங்கிவிடும். நாராக இழுக்க வேண்டியது இந்த ஒடுங்கிய இடைவெளிக்குள், 300 பாகையைச் சற்றுத் தாண்டி. சிலிக்காவை 2000 பாகை அளவில் இழுக்கிறார்கள், அங்கே பளிங்கு பற்றிய பயமே கிடையாது. புளோரைட்டு நாருக்குள் மைக்ரோமீற்றர் அளவில் ஒரு பளிங்குத் துகள் வந்தாலும் அது ஒளியைச் சிதறடிக்கும். கணக்கில் இருந்த சிதறலுக்கு மேலே இது.

இரண்டாவது தூய்மை. சிலிக்காவை வாயுவிலிருந்து படியவைத்துச் செய்கிறார்கள், இரும்பும் செம்பும் வாயுவோடு வராது. புளோரைட்டுக்கு அந்த வழி சரிவரவில்லை. தூளை உலர்ந்த சூழலில் பிளாற்றினம் அல்லது பொன் மூசைக்குள் உருக்கி, சூடாக்கிய அச்சில் ஊற்றிச் சுழற்றி உறைக் குழாயாக்கி, பிறகு அகணியை ஊற்றுகிறார்கள். இரும்பு, செம்பு, கோபாற்று போன்றவை நூறு கோடியில் ஒரு பங்கு என்ற அளவில் இருந்தாலும் அந்த 0.01 கெட்டுவிடும். அதோடு ஈரம். கொஞ்சம் ஈரம் பட்டாலும் ஐதரொட்சில் கூட்டம் கண்ணாடிக்குள் புகுந்து 2.9 மைக்ரோமீற்றரில் ஒரு பெரிய உறிஞ்சலை வைத்துவிடும்.

பளிங்கு வளர்வதற்குப் புவியீர்ப்பு துணைபோகிறதா என்ற சந்தேகத்தில் விண்வெளிக்கும் போனார்கள். தொண்ணூறுகளில் நாசாவின் விமானம் ஒன்றில், எறியப் பாதையில் பறந்து இருபது விநாடி எடையின்மை உண்டாக்கி, நாரைச் சூடாக்கிப் பார்த்தபோது தரையில் பளிங்கான நார் அங்கே தெளிவாக இருந்தது. 2017 இறுதியில் ஒரு சின்ன நார் இழுக்கும் பெட்டி சர்வதேச விண்வெளி நிலையத்துக்குப் போனது. 2024 இல் இன்னொரு கருவி அங்கே 5 கிலோமீற்றருக்கு மேல் ஸெட்பிளான் நார் இழுத்தது. செய்தித் தலைப்புகள் இதைப் பற்றி ஆரவாரமாக எழுதின. என் அபிப்பிராயம், அங்கே இழுத்த நார் கடலடி வடத்துக்கு வராது. ரொக்கெட் செலவைத் தாங்கக்கூடிய சில மீற்றர் தேவைக்கே வரும். இதற்கிடையில் 0.1 டெசிபெல் என்ற கோட்டைத் தாண்டியது புளோரைட்டு அல்ல. நடுவில் காற்று மட்டும் உள்ள, சுற்றிவர மெல்லிய சிலிக்காக் குழாய்கள் அமைத்த வெற்றகணி நார் ஒன்று 2025 இல் 0.091 காட்டியது.

சில மீற்றரில் இதன் இராச்சியம்

ஆகவே புளோரைட்டு நாரைத் தூரத்துக்கு என்று நினைக்காதீர்கள். சிலிக்காவைக் கிலோமீற்றர்க் கணக்கில் சுருளாக வாங்குகிறார்கள், இதை மீற்றர்க் கணக்கில். சிலிக்கா கடத்தாத அலைநீளத்தைக் கருவியிலிருந்து தேவையான இடத்துக்கு வளைத்துக் கொண்டுபோவதே இதன் வேலை.

2.94 மைக்ரோமீற்றரை எடுங்கள். தண்ணீர் செங்கீழ்க் கதிரை மிக வலுவாக உறிஞ்சும் இடம் இது. ஒரு மைக்ரோமீற்றர் ஆழத்துக்குள்ளேயே பெரும்பகுதி முடிந்துவிடும். எர்பியம் யாக் லேசர் சரியாக அங்கே எரிகிறது. பல்லின் மேல் அதைப் பாய்ச்சினால் பல்லுக்குள் இருக்கிற சிறிதளவு நீர் கொதித்து வெடித்து, சொத்தைப் பகுதியைத் துணுக்குத் துணுக்காகத் தெறிக்கவைக்கும். அடியில் உள்ள இழையத்துக்குச் சூடு பெரிதாக இறங்காது. ஆனால் லேசர் பெட்டியை நோயாளியின் வாய்க்குள் வைக்க முடியாது, சிலிக்கா நாரும் அந்த ஒளியைக் கொண்டுவராது. உள்ளே ஆடிகள் பொருத்திய கைகளை மடக்கி மடக்கி இணைத்த கனமான அமைப்பு ஒன்று பழைய வழி. புளோரைட்டு நார் இன்னொரு வழி. பற்பசையில் இருக்கிற அதே புளோரின் பல் வைத்தியரின் மேசைக்கு இப்படியும் வந்து சேர்கிறது.

வானியலாளர்கள் இதை வேறு காரணத்துக்காகப் பிடித்துக்கொண்டார்கள். 1991 இல் அமெரிக்காவின் கிட் பீக்கில் இரண்டு தொலைநோக்கிகளின் ஒளியைப் புளோரைட்டு நார்களால் கொண்டுவந்து குறுக்கீடு பார்த்தார்கள். ஒற்றைப் பாங்கு நாருக்குள் (ஒளி ஒரே வடிவில் மட்டும் ஓடக்கூடிய மெல்லிய அகணி நார்) போகும் ஒளி, வளிமண்டலம் உண்டாக்கிய கசங்கலை வெளியே விட்டுவிட்டு ஒழுங்கான அலையாக வரும். இன்று சிலியின் பரனாலில் உள்ள கிராவிற்றி என்ற கருவி நான்கு 8 மீற்றர் தொலைநோக்கிகளின் ஒளியை 2 முதல் 2.4 மைக்ரோமீற்றரில் இணைக்கிறது. அதற்குள்ளும் புளோரைட்டு நார்தான். 2018 இல் எஸ்2 என்ற விண்மீன் நம் பால்வீதியின் நடுவிலுள்ள கருந்துளையை நெருங்கிச் சுற்றியபோது, ஐன்ஸ்டைன் சொன்ன ஈர்ப்புச் செம்பெயர்ச்சியை (ஈர்ப்பால் ஒளியின் அலைநீளம் நீளுவதை) உறுதிப்படுத்திய அளவீடுகளில் இந்தக் கருவியின் பங்கு பெரியது.

வாயுக்களைச் சொல்லாமல் விட முடியாது. மெதேன் 3.3 மைக்ரோமீற்றரில் வலுவாக உறிஞ்சும். காபனீரொட்சைட்டு 4.26 இல், காபனோரொட்சைட்டு 4.6 இல். அம்பாறைப் பக்கம் வயலில் தண்ணீர் கட்டி நிற்கும் மாதங்களில் சேற்றிலிருந்து குமிழ் குமிழாக வருவதில் பெரும்பகுதி மெதேன். அதைச் சிலிக்கா நாரை வைத்தும் அளக்கலாம், 1.65 இல் ஒரு மேற்சுரக் கோடு இருக்கிறது. ஆனால் அது 3.3 இல் உள்ளதைவிட நூறு மடங்குக்கும் மேல் மெலிந்தது. குறைந்த செறிவைப் பிடிக்க வேண்டுமென்றால் 3.3 க்குப் போக வேண்டும், ஒளியைக் கருவியிலிருந்து அளவிடும் கலத்துக்கு நாரால் கொண்டுபோக வேண்டுமென்றால் புளோரைட்டுக்குப் போக வேண்டும். காபனோரொட்சைட்டின் 4.6 க்கு சிர்க்கோனியக் கலவை போதாது, இந்தியம் புளோரைட்டு தேவை. வந்தாறுமூலையிலோ ஒலுவிலிலோ பௌதிகவியல் படிக்கிற யாராவது இறுதியாண்டுச் செயற்றிட்டத்துக்குத் தலைப்புத் தேடினால், இந்த இரண்டு மெதேன் கோடுகளையும் கணக்கில் ஒப்பிடுவதே நல்ல தொடக்கம். நார் வாங்காமலே செய்யலாம்.

கடத்துவது மட்டுமல்ல, இந்த நாரே லேசராகவும் ஆகும். எர்பியம் அயனை உள்ளே கலந்தால் 2.8 மைக்ரோமீற்றரில் ஒளிர வைக்கலாம். சிலிக்காவில் அதே எர்பியம் அங்கே ஒளிராது. காரணம் முன்பு போட்ட அதே அதிர்வுக் கணக்கு. எர்பியத்தின் அந்த இரண்டு சக்திமட்டங்களுக்கு இடைவெளி, முன்பு சொன்ன அதே அலகில், ஏறத்தாழ 3600. சிலிக்காவின் அதிர்வு 1100 என்பதால் மூன்று, நான்கு அதிர்வாகச் சக்தி வழிந்து சூடாகிவிடும், ஒளியாக வெளிவர நேரமில்லை. புளோரைட்டின் 580 க்கு ஆறுக்கு மேல் தேவை. அத்தனை அதிர்வுகள் ஒரே நேரத்தில் கிளம்புவது அரிது. அதனால் அயன் காத்திருந்து ஒளியாகவே விடுகிறது. 1.3 மைக்ரோமீற்றரில் பிரசியோடிமியம் கலந்த பெருக்கி புளோரைட்டில் நன்றாக வேலை செய்வதும் இதனால்தான்.

கையில் எடுப்பவருக்கு

எப்போதாவது இந்த நார் ஒன்று கையில் கிடைத்தால், நம் ஊர் ஃபைபர் வேலையாளிடம் கொடுத்து ஒட்டச் சொல்ல வேண்டாம். அவருடைய மெசினின் மின்வில் சிலிக்காவுக்கு அளவானது. அந்தச் சூட்டில் புளோரைட்டு முனை உருகி உருண்டைக் குமிழாகிவிடும். இதை ஒட்டுவதற்கு 300 பாகையை அண்டி, மிகச் சிறிய வரம்புக்குள் சூட்டைப் பிடித்து வைக்கிற தனி மெசின் தேவை. இழுவைப் பலமும் சிலிக்காவைவிடப் பல மடங்கு குறைவு. சிலிக்கா நாரை விரலில் சுற்றிப் பழகிய கைகள் இதைச் 'சிக்' என்று முறித்துவிடும்.

ஈரம் இதன் பரம எதிரி. காற்றிலுள்ள ஈரப்பதனை ஓரளவு தாங்கும், ஆனால் திரவ நீர் பட்டால் மேற்பரப்பு அரிக்கப்படும், முனை மங்கிவிடும். மாரியில் சுவரே வியர்க்கிற மட்டக்களப்பில் முனைகளை மூடி, சிலிக்கா ஜெல் போட்ட பெட்டிக்குள் வைப்பதைத் தவிர வழியில்லை. குளிரூட்டிய அறையிலிருந்து வெளியே எடுத்தால் முனையில் பனி பூக்கும், அதையும் கவனிக்க வேண்டும். 3 மைக்ரோமீற்றர் லேசரைக் கூடிய வலுவில் பாய்ச்சும் நார்களில் இது வெறும் அழகுப் பிரச்சினை அல்ல. முனையில் ஒட்டும் ஈரமே அந்த அலைநீளத்தை உறிஞ்சிச் சூடாகி, முனையை எரித்துவிடும். அதனால்தான் அலுமினியம் புளோரைட்டுக் கண்ணாடியால் ஒரு மூடியை முனையில் ஒட்டி அனுப்புகிறார்கள். வெட்டி விழும் துணுக்குகளைப் பசை நாடாவில் ஒட்டி எடுத்துத் தனியாகப் போட வேண்டும், தோலில் குத்தினால் உடனே எடுக்க வேண்டும். நெருப்பில் போடக் கூடாது.

6 மைக்ரோமீற்றருக்கு மேல் ஒளி தேவைப்படுகிறவர்களுக்கு இந்தக் குடும்பமே உதவாது. உடம்பின் 9.3 ஐயும் காபனீரொட்சைட்டு லேசரின் 10.6 ஐயும் கொண்டுபோக கந்தகம், செலீனியம், தெலூரியம் சேர்ந்த சல்கோஜனைட்டுக் கண்ணாடி, வெள்ளி ஏலைட்டுப் பளிங்கு நார், உட்புறம் வெள்ளி பூசிய வெற்றுக்குழாய் என்று வேறு தெரிவுகள் இருக்கின்றன. அங்கேயும் அணுக்களைப் பாரமாக்கிப் பிணைப்பைத் தளர்த்துவதுதான் கண்ணாடிக்காரர்களின் வழி. ஸெலீனியத்தின் நிறை 79, தெலூரியத்தின் நிறை 128. மேலே உள்ள ஒடுக்கிய நிறைக் கணக்கில் இவற்றைப் போட்டுப் பாருங்கள்.